மாரியிலும் ட்ரையருக்குள் கச்சான் வீச வேண்டும்

உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாரியில் கொடியில் ஒன்றும் காயாது என்றுதான் ட்ரையர் வாங்கினேன். முதல் வருசம் துவாய்கள் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்தன. இப்போது இரண்டு மணித்தியாலம் ஓடியும் சுடச்சுட வருகின்றன, ஆனால் ஈரம் போகவில்லை. மழைக்காற்று ஈரமாக இருப்பதாலா? இல்லை, உள்ளே சூடாக்கும் கம்பி பழுதா?"

கம்பி பழுதென்றால் துவாய் சுடாது. மழைக்காற்றின் மீதும் பெரிய குற்றமில்லை. சூடு இருக்கிறது, ஈரம் போகவில்லை என்றால் காற்றோட்டத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

திருகோணமலைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம், எங்களிடம் மலையைத் தாண்டி மேற்கிலிருந்து சுடச்சுட வரும் கச்சான் காற்று இருக்கிறது. ஆனி, ஆடியில் அது அடிக்கும்போது கொடியில் போட்ட சாரம் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது! அதே காற்றுதான் தென்மேல் பருவத்தில் கடலில் இருந்து ஈரத்தோடு வந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டுகிறது. ஏறும்போது நீராவி மழையாக மாறுவதால் வெப்பம் வெளிப்படுகிறது. அதனால் முகிலுக்குள் ஒரு கிலோமீட்டருக்கு 5, 6 பாகைதான் குளிரும். எங்கள் கிழக்குப் பக்கம் இறங்கும்போது முகில் இல்லை. கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 10 பாகை சூடேறும். ஏறிய கணக்கும் இறங்கிய கணக்கும் சரிவராததால் மிஞ்சிய சூடுதான் எங்கள் முகத்தில் அடிக்கிறது.

ட்ரையர் செய்வது கச்சானின் இரண்டாம் பாதியை மட்டும். காற்றில் இருக்கிற ஈரத்தை அது வெளியே எடுப்பதில்லை, சூடாக்குகிறது, அவ்வளவுதான். மார்கழி மழைநாளில் காற்று 27 பாகையில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 26 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 23 கிராம் ஏற்கெனவே இருக்கிறது, ஏறக்குறைய 90 சதவீத ஈரப்பதன். அதே காற்றை 60 பாகைக்குச் சூடாக்கினால் தாங்கும் அளவு 130 கிராமாக ஏறிவிடும். ஒரு சொட்டு ஈரத்தைக்கூட நீக்காமல் ஈரப்பதன் 16 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது! மழைக்காற்றை வைத்தே துவாய் காய வைக்கலாம் என்பது எனக்கு இன்னமும் அலுக்காத அதிசயம்.

ஆனால் அந்த 130 கிராமும் நிரம்பாது. துவாயில் இருந்து தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டைத்தான் பிடுங்குகிறது, காற்று குளிர்ந்து சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. உண்மையில் ஒரு கன மீட்டர் காற்று கொண்டுபோவது சுமார் 10 கிராம். சுற்றிப் பிழிந்த ஒரு தொகை உடுப்பில் இரண்டரை லீற்றர் தண்ணீர் நிற்கும் என்றால், அதை வெளியேற்ற 250 கன மீட்டர் காற்று கடந்துபோக வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறை பத்தில் இருக்கும் காற்று அது! சூடாக்குவதைவிடக் காற்றை நகர்த்துவதுதான் இந்த இயந்திரத்தின் பெரிய வேலை.

இங்கே பல வீடுகளில் ட்ரையரின் வெளியேற்றுக் குழாய் சுவரைத் தாண்டுவதே இல்லை, இயந்திரத்துக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும். மழை என்று யன்னலும் சாத்தியிருக்கும். அப்படியொரு பத்தடி அறைக் காற்றில் இன்னும் சுமார் 75 கிராம் தண்ணீருக்கு மேல் இடமில்லை, வரப்போவதோ இரண்டரை லீற்றர். அறை கொஞ்சம் சூடேறி இன்னும் சிறிது தாங்கினாலும் மிச்சம் சுவரில் பூஞ்சணமாகும். வெளியே விட்ட ஈரத்தையே இயந்திரம் திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். குழாய் வெளியே போக வேண்டும். போகிற காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று வர யன்னல் ஒரு விரல்கடை திறந்திருக்கவும் வேண்டும்.

அடுத்தது பஞ்சுத்தூசி. ஒவ்வொரு முறையும் தூசி பிடிக்கும் வலையைத் துடைக்கச் சொல்லி எல்லாரும் சொல்வார்கள், சரி. துடைத்த வலையும் அடைத்திருக்கலாம் என்பதைச் சொல்லமாட்டார்கள். உடுப்போடு ட்ரையருக்குள் வாசனைத் தாள் போடுபவர்களின் வலையில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலம் படியும். குழாய்த் தண்ணீரை வலைமேல் விட்டுப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் தேங்கினால் சவர்க்காரம் போட்டுப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.

வலையைத் தப்பிய தூசி குழாய்க்குள் படிகிறது. அதே அளவு காற்றைத் தள்ளத் தேவையான அழுத்தம், குழாயின் விட்டம் சுருங்கச் சுருங்க ஐந்தாம் அடுக்கில் கூடும். 100 மில்லிமீட்டர் குழாய்க்குள் சுற்றிவர 5 மில்லிமீட்டர் தூசி படிந்தால் தடை ஏறக்குறைய 1.7 மடங்கு. நெளிநெளியான குழாய் என்றால் இன்னும் மோசம், தொய்ந்த இடத்தில் தண்ணீரும் தேங்கும். குட்டையாக, நேராக, உள்ளே வழுவழுப்பாக இருக்கும் உலோகக் குழாய்தான் நல்லது. நுளம்பு, பல்லி வரக்கூடாது என்று குழாயின் வெளிவாயில் கம்பிவலை அடிக்காதீர்கள், மாதக்கணக்கில் தூசி சேர்ந்து அது சுவராகிவிடும். தானாகத் திறந்து மூடும் மூடி போதும். உப்புக்காற்றில் அதன் பிணைச்சல் துருப்பிடிக்கும், அடிக்கடி தட்டிப் பாருங்கள். வாயைக் கடலைப் பார்க்க வைத்தால் வாடைக்காற்று எதிர்த்துத் தள்ளும்.

காற்று குறைந்தால் கம்பியைச் சுற்றிச் சூடு தேங்கி, பாதுகாப்புக் கருவி மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துத் தரும். இரண்டு மணித்தியாலம் ஆவது அதனால்தான். அந்தக் கருவியும் பழுதானால் பஞ்சு பற்றும். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரை ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டு ட்ரையர் தீ விபத்துகளைக் கணக்கிட்டது. முதல் காரணம் சுத்தம் செய்யாமை. ட்ரையருக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டுங்கள், குழாயையும் ஒருக்கால் கழற்றிப் பாருங்கள்.

குழாயே வேண்டாத வெப்பப்பம்பு வகையை வாங்கலாமா என்றும் வாசகர் கேட்கிறார். வாங்கலாம், மின்சாரமும் மிச்சம். அது ஈரத்தைக் குளிர்வித்துத் தண்ணீராக்கித் தொட்டியில் விடும். விலை அதிகம், வலையும் இரண்டு மூன்று இருக்கும்.