எக்சாஸ்ட் டெம்பரேச்சர் கோடு வந்தா சென்சார்தான் போச்சுன்னு அர்த்தமா?

டீசல் வண்டியில செக் இன்ஜின் லைட் எரியுது, ஸ்கேனர் போட்டா பி0546-னு ஒரு ஃபால்ட் கோடு வருது, உடனே எக்சாஸ்ட் டெம்பரேச்சர் சென்சார், அதாவது புகையோட சூட்டை அளக்கற சென்சார், போயிடுச்சுன்னு புதுசு வாங்கி மாட்டிடுறாங்க, ரெண்டே நாள்ல அதே லைட் திரும்ப எரியுது. பாக்கவே மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஏன்னா அந்தக் கோடு சென்சார் கெட்டுப்போச்சுன்னு சொல்லவே இல்லங்க, அந்த சர்க்யூட்ல வோல்டேஜ் இருக்க வேண்டிய அளவுக்கு மேல இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது.

டர்போ கிட்ட, புகைல இருக்கற கரியைப் பிடிக்கற டிபிஎஃப் ஃபில்டருக்கு முன்னாடி, பின்னாடின்னு இந்த சென்சார் பல இடத்துல இருக்கும். ஃபில்டர்ல சேர்ற கரியை எரிக்கறதுக்கு சுமார் 600 டிகிரி சூடு வேணும், அதுக்காக ஈசியூ, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர், கூடுதலா டீசல் அடிக்கும், எவ்வளவு அடிக்கலாம்னு இந்த சென்சாரை நம்பித்தான் முடிவு பண்ணும். நம்பிக்கை போயிட்டா கரி எரிக்கற வேலையையே நிறுத்திடும், ஃபில்டர் அடைச்சுக்கிட்டே வந்து கடைசில வண்டி இழுக்காது.

நிறைய வண்டில சென்சார் முனைக்குள்ள இருக்கறது பிளாட்டினம். 0 டிகிரில அதோட ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) 200 ஓம், சூடு ஏற ஏற அதுவும் ஏறும், 100 டிகிரில 276, 277 ஓம் வரும். ஈசியூ தனக்குள்ள இருக்கற ஒரு ரெசிஸ்டர் வழியா 5 வோல்ட் குடுத்து, சென்சார்ல எவ்வளவு நிக்குதுன்னு பாத்து அதை டிகிரியா மாத்திக்கும். இப்ப ஒயர் எங்கயாவது அறுந்துடுச்சுன்னு வைங்க, 5 வோல்ட்டும் அப்படியே நிக்கும், ஈசியூ அதை பயங்கர சூடுன்னு எடுத்துக்கும். ரெண்டு ஒயரும் ஒட்டி ஷார்ட் ஆனா உறையுற குளிர்னு எடுத்துக்கும். அதாவது பி0546 வர்றதுக்கு அறுந்த ஒயர் ஒண்ணே போதும், சென்சார் நல்லாவே இருக்கலாம்.

அதனால நான் மொதல்ல பாக்கறது காலைல, ராத்திரி பூரா நின்ன வண்டில, ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணி ஸ்கேனர்ல லைவ் டேட்டா, அதாவது சென்சாருங்க அந்த நேரத்துல காட்டற அளவு. கூலன்ட், உள்ள வர்ற காத்து, எல்லா எக்சாஸ்ட் சென்சாரும் கிட்டத்தட்ட ஒரே டிகிரி காட்டணும். ஒண்ணு மட்டும் தனியா நின்னா ஆள் அதுதான். ஆனா சில வண்டில ஃபால்ட் தெரிஞ்சதும் ஈசியூவே ஒரு மாத்து நம்பரைப் போட்டுக் காட்டும், அங்க டிகிரியை நம்பாம வோல்டேஜைப் பாக்கணும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச டெஸ்ட். சென்சார் கனெக்டரைக் கழட்டிட்டு, வண்டிப் பக்க ஒயர்ல ஒரு சாதாரண 220 ஓம் ரெசிஸ்டரை சொருகுங்க, ஸ்கேனர்ல 26 டிகிரி சுமாரா வரணும். வந்துச்சுன்னா ஒயரும் ஈசியூவும் நல்லா இருக்கு, தப்பு சென்சார்லதான். வரலன்னா சென்சார் மேல கையே வைக்காதீங்க, ஒயரைப் பிடிச்சுட்டே போங்க, சைலன்சர் பைப்ல பட்டு உருகின இடமோ கனெக்டருக்குள்ள பச்சை பூத்த பின்னோ கண்டிப்பா மாட்டும்.

எல்லா வண்டிலயும் பிளாட்டினம் இல்ல. சூடு ஏறினா ரெசிஸ்டன்ஸ் இறங்கற வகையும் இருக்கு, அது குளிர்ந்து இருக்கறப்ப மல்டிமீட்டர் வெச்சா அறுந்த மாதிரியே காட்டலாம், அதைப் பாத்து நல்ல சென்சாரைத் தூக்கிப் போட்டவங்க உண்டு. முனையை சூடு பண்ணி ஓம் இறங்குதான்னு பாத்தாத்தான் தெரியும். ரெண்டு உலோக ஒயரைச் சேர்த்து, சூட்டுக்கு ஏத்த மாதிரி சின்ன வோல்டேஜ் குடுக்கற தெர்மோகப்புள் வகைக்கும் மேல சொன்ன ஓம் கணக்கு செல்லாது. அதனால எந்த வகைன்னு சர்வீஸ் மேனுவல்ல பாத்துட்டு மீட்டரை எடுங்க.

மாட்டி கோடு அழிச்சதும் ஒரு ரவுண்டு ஓட்டி டேட்டா பாருங்க. ஃபில்டருக்கு முன்னாடி இருக்கறது மடமடன்னு ஏறும், பின்னாடி இருக்கறது மெதுவாத்தான் ஏறும், நடுவுல அவ்வளவு கனமான ஃபில்டர் சூடாகணும்ல, அதை ஃபால்ட்டுன்னு நெனச்சு மறுபடி கழட்டிடாதீங்க.