சுவரில் எதையும் ஒட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள்

போன வாரம் பாளையங்கோட்டை கேடிசி நகரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர், பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறார். பார்வையற்றோர் பள்ளிக்கும் காதுகேளாதோர் பள்ளிக்கும் பாளையங்கோட்டை பேர்போன ஊர். அதனாலோ என்னவோ, இந்த வேலையைச் சொந்தக் காசு போட்டுச் செய்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள். டீச்சர் 11 மணி நேரம் வாசித்து முடித்திருந்தார். அவ்வளவும் திரும்பி வந்துவிட்டது. "பின்னால ஒரு இரைச்சல் ஓடிக்கிட்டே இருக்கு டீச்சர், இயர்போன்ல கேட்டா தலை வலிக்கு" என்று பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள்.

அடுக்களையை ஒட்டிய சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாலு சுவரிலும் கறுப்பு ஃபோம், கூம்பு கூம்பாக. கதவின் உள்பக்கம் முட்டை அட்டை. "18,000 ரூபாய் ஆச்சு தம்பி. ஒரு இஞ்ச் விடாம ஒட்டியாச்சு. இன்னும் இரையுது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. டீச்சர் மேல் இல்லை, அதை விற்றவர் மேல்.

ஹெட்போனை மாட்டி ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். இரண்டு இரைச்சல் கேட்டது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், ஒன்று நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஃப்ரிட்ஜை அணைத்தேன், மற்றதும் நின்றது. ஒரு பைசா செலவில்லை. இந்த வருடம் நான் பார்க்கிற ஆறாவது ஃபோம் அறை இது. ஆறு பேருக்கும் ஒரே கதையைச் சொல்லியிருக்கிறேன். ஏழாவது ஆளாவது காசு போடும் முன் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஃபோம் வெளிச் சத்தத்தை நிறுத்தாது. கடைக்காரர் 'சவுண்ட் ப்ரூஃப்' என்று சொல்லித்தான் விற்பார். அவர் சொன்னாலும் நிறுத்தாது.

அடுத்த தெருவில் அம்மன் கோவில் கொடை விழா நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஸ்பீக்கர், நையாண்டி மேளம், நடுச்சாமம் வரை வில்லுப்பாட்டு. வீட்டுக்குள் இருக்கிற தலையணைகளை எல்லாம் எடுத்துச் சுவரில் சாத்தி வைத்தால் மேளம் குறையுமா? குறையாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலையணையை மெலிதாக அறுத்துக் கறுப்புச் சாயம் போட்டால் மட்டும் எப்படிக் குறையும்?

சத்தத்தைத் தடுப்பவை இரண்டுதான். கனம் ஒன்று, காற்றுப் புகாத அடைப்பு இன்னொன்று. நம் ஊர் 9 அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூசியிருந்தால், சுமார் 50 டெசிபல் தடுக்கும். அது ஏற்கனவே நல்ல சுவர். அதன் கனத்தை இரண்டு மடங்காக்கினால்கூடக் கிடைப்பது இன்னும் ஒரு 6 டெசிபல்தான். அந்தச் சுவரின் மேல் கைப்பிடி எடைகூட இல்லாத ஃபோமை ஒட்டி என்ன ஆகப்போகிறது? சத்தம் சுவர் வழியாக வரவே இல்லை. ஜன்னலுக்கு மேலே இருக்கிற வென்டிலேட்டர் வழியாக வருகிறது. கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளி வழியாக, ஏசி குழாய்க்குத் துளை போட்டுவிட்டுப் பூசாமல் விட்ட ஓட்டை வழியாக வருகிறது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே அந்தச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. ஐந்நூறு ரூபாய்க்குக் கதவு விளிம்பில் ஒட்டுகிற ரப்பர் பட்டையும், ஓட்டைக்குக் கொஞ்சம் சிமென்டும் செய்கிற வேலையை 18,000 ரூபாய் ஃபோம் செய்யாது.

அப்போ ஃபோம் எதற்கு? அறைக்குள் உங்கள் குரலே சுவரில் பட்டுத் திரும்பி வருகிறதே, அந்த எதிரொலியைக் குறைக்க. டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையுமாக இருக்கிற புது வீட்டு அறையில் கையைத் தட்டினால் 'ணங்' என்று ஒரு வால் நீளும். அதை ஃபோம் குறைக்கும். அதிலும் மேல் ஸ்தாயியை மட்டும்தான். 100 ஹெர்ட்ஸ் போன்ற அடி ஸ்தாயி ஒலியின் அலை நீளம் 3.4 மீட்டர். அதை இரண்டு அங்குல ஃபோம் தடவிக்கூடப் பார்க்காது. இதற்கு வீட்டில் இருக்கிற இலவம்பஞ்சு மெத்தையே மேல். பேசுகிறவருக்குப் பின்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். துணி அடுக்கிய திறந்த அலமாரி இருந்தால் அதன் முன்னால் உட்காருங்கள்.

முட்டை அட்டை எதிரொலிக்கும் உருப்படியாக எதுவும் செய்யாது, கரப்பானும் கறையானும்தான் வரும். தெர்மாகோலும் அப்படியே. சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு தம்பி நல்ல பத்தமடைப் பாய்களைச் சுவரில் ஆணி அடித்து வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மெல்லிய கோரைப் பாய் சுவரோடு ஒட்டிக் கிடந்து எந்த ஒலியைப் பிடிக்கும்? கழற்றிப் படுக்கச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது சத்தத்தைவிடப் பெரிய விஷயம். முட்டை அட்டை காகிதம். சாதாரண பேக்கிங் ஃபோம் தீப்பிடித்தால் நிமிடத்தில் அறை முழுக்க நச்சுப் புகை நிறையும். ஜன்னலை அடைத்து, சுவிட்ச் போர்டைச் சுற்றிலும் ஃபோம் ஒட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏழு பிளக் செருகி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்காருகிறீர்கள். தயவுசெய்து சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு முழத்துக்கு எதையும் ஒட்டாதீர்கள். உள்தாழ்ப்பாள் போடாதீர்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? வழக்கமாகப் பேசுகிற அதே இடம், அதே மைக், அதே கெயின் (மைக்கில் வருகிற ஒலியை எவ்வளவு பெருக்குகிறோம் என்ற அளவு). வாயைத் திறக்காமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஹெட்போனில் ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். பிறகு வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்து மறுபடி ஒரு நிமிடம். ஃபேன், டியூப் லைட், ஃப்ரிட்ஜ், வைஃபை பெட்டி, இன்வெர்ட்டர், கடைசியாக சார்ஜர். இரைச்சல் எப்போது போகிறதோ அப்போது அணைத்ததுதான் காரணம். ஆறு பேரில் ஒருவர்கூட இதைச் செய்து பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

காது கொஞ்சம் பழகிவிட்டால் அணைக்காமலே தெரியும். 'ம்ம்ம்' என்று அடியில் ஓடுவது மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 100, 150-இலும் கேட்கும். அடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் சாஃப்ட்வேரில் அந்த ஒரு நிமிடத்தைத் தேர்ந்தெடுத்து அதிர்வெண் படத்தை (Plot Spectrum) பார்த்தால் இந்த இடங்களில் ஊசி ஊசியாக நிற்கும். 'ர்ர்ர்' என்று முள்ளாகக் கேட்டால் ஃபேன் ரெகுலேட்டரையோ மலிவான எல்.இ.டி. பல்பையோ பாருங்கள். கரண்ட் போன நேரத்தில் மட்டும் கேட்டால் இன்வெர்ட்டர். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பதிவு செய்யவே வேண்டாம். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றுப்போல வந்தால் மைக்கை எட்டி வைத்துவிட்டு கெயினைக் கூட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரு சாணுக்குள் வாருங்கள். தூரம் பாதியானால் குரல் 6 டெசிபல் கூடும், இரைச்சல் அங்கேயே நிற்கும். பேசாத நேரத்தில் இரைச்சல் மெல்ல எழும்பி, பேசியதும் அமுங்கினால், கம்ப்யூட்டரில் தானாகக் கெயினைக் கூட்டும் வசதி ஓடிக்கொண்டிருக்கிறது. அதை அணையுங்கள். 'டிக்கிடிக் டிக்கிடிக்' என்றால் செல்போன். பக்கத்து அறையில் வைத்துவிட்டு வாருங்கள், எல்லாவற்றுக்கும் நல்லது.

'ம்ம்ம்' பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் போய்விடுகிறதா? மைக்கின் உலோக உடம்பைக் கையால் தொட்டதும் குறைகிறதா? எர்த் சரியில்லை. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. லேப்டாப் விளிம்பில் மணிக்கட்டு பட்டால் சுர்ரென்று கூசுவதும் இதனால்தான். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் வெயில் காலத்தில் எர்த் குழியே காய்ந்து பாளமாகிவிடும். முதலில் அங்கே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். நிரந்தரமாகச் சரிசெய்ய எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கூடவே, மின்கசிவு வந்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

எலக்ட்ரீஷியனுக்குப் பதிலாகச் சிலர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள். இரண்டு கருவிகள் இரண்டு எர்த் வழியாகச் சுற்று போட்டு முனகும்போது, ஒன்றின் எர்த்தைக் கழற்றினால் முனகல் நிற்கும். உண்மைதான். ஆனால் கருவிக்குள் ஒரு வயர் உரசினால், 230 வோல்ட் போக வேறு வழியில்லாமல் உங்கள் மைக்கின் உலோக வலையில் வந்து நிற்கும். அந்த வலைக்கும் உங்கள் உதட்டுக்கும் நடுவில் நாலு விரற்கடை. என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். ஈரத் தரையில் நின்று மைக்கைப் பிடித்த பாட்டுக்காரரை அது தூக்கி எறிந்ததைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவன் நான். பதிவுக் கருவிகளை மட்டும் ஒரே பிளக் பாக்ஸில் செருகுங்கள், முக்கால்வாசி முனகல் அதிலேயே போகும். மைக் வயரை கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், குறுக்கே போக வேண்டியிருந்தால் கூட்டல் குறிபோலக் கடக்க விடுங்கள். எர்த் பின்னில் கை வைக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அடுத்து சாஃப்ட்வேர். "பரவாயில்லண்ணே, நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு எடுத்துடலாம்." இளம் பிள்ளைகள் எல்லோரும் சொல்வது. கொஞ்சமாகப் போட்டால் தப்பில்லை. அறை அமைதியாக இருந்து, மிச்சம் மீதியைத் துடைக்க அது நல்ல கருவி. முழு இரைச்சலையும் அதன் தலையில் கட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். தமிழுக்கு இது இன்னும் மோசம். நமக்கு ல, ள, ழ மூன்றையும் காது பிரித்துக் கேட்க வேண்டும். அதிகம் துடைத்த பதிவில் 'பள்ளி'யும் 'பல்லி'யும் ஒன்றாகிவிடுவதை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். டீச்சரின் பிள்ளைகள் வேகத்தைக் கூட்டிவைத்துக் கேட்பவர்கள். எழுத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ள அவர்களால் முடியாது. காதில் விழுவதுதான் பாடம்.

ஆடியோ புத்தகங்களுக்கு அமேசான் ஆடிபிளின் ஏசிஎக்ஸ் தளம் கேட்பது, பேசாத இடத்தில் சத்தம் -60 டெசிபலுக்குக் கீழே (பதிவாகக்கூடிய உச்ச அளவை 0 என்று வைத்து) இருக்க வேண்டும் என்று. பயப்படாதீர்கள். ஃப்ரிட்ஜும் ஃபேனும் அணைத்த சாதாரண அறையில், ஒரு சாண் தூரத்தில் பேசினால் பெரும்பாலும் எட்டிவிடலாம்.

வெளிச் சத்தத்துக்கு நேரம்தான் மருந்து. ஆனி, ஆடியில் பணகுடிப் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற காற்று உங்கள் ஜன்னல் இடுக்கில் விசில் அடிக்கத்தான் செய்யும். இடுக்கை அடையுங்கள், மீறினால் காற்று அடங்கும் நேரம் பாருங்கள். கொடை நாட்களில் பதிவு வேண்டாம், எடிட்டிங் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். மே மாத வெயிலில் ஃபேன் இல்லாமல் உட்காருவது கொடுமைதான், எனக்கும் தெரியும். இருபது நிமிடம் வாசியுங்கள், பத்து நிமிடம் ஃபேன் போட்டு ஓய்வெடுங்கள். கண்ணாடி வளையல், கஞ்சி போட்ட மொரமொரப்பான சேலை, கிரீச்சிடும் நாற்காலி, மூன்றையும் அறைக்கு வெளியே விடுங்கள். பதிவுக்கு அரை மணி நேரம் முன்பே தண்ணீர் குடியுங்கள். பெரும்பாலான மைக்குகளுக்கு முதுகுப் பக்கம்தான் காது மந்தம், அந்த முதுகை ஜன்னலைப் பார்த்து வையுங்கள்.

டீச்சர் வீட்டில் சுவிட்ச் போர்டைச் சுற்றியிருந்த ஃபோமையும் கதவில் இருந்த முட்டை அட்டையையும் மட்டும் கழற்றச் சொன்னேன். மற்றது இருந்துவிட்டுப் போகட்டும். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, பின்னால் ஒரு மெத்தை. ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு மறந்தால் பால் கெட்டுவிடும் என்று கவலைப்பட்டார். எங்கள் ஒலிப்பதிவுத் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், வெளியே கிளம்பும்போது தானாக ஞாபகம் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கிறார். நேற்று முதல் பாடத்தை அனுப்பியிருந்தார். சுத்தமாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு இடத்தில், தூரத்தில் மயில் அகவியிருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப வாசித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.