குடித்தனக்காரர் எப்போது குத்தகைதாரர் ஆனார்?

போன மாதம் வீடு மாறினேன். ஒப்பந்தத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் 'குத்தகைதாரர்' என்று அச்சிட்டிருந்தது. மூன்றாவது வீடு, மூன்றாவது முறையும் இதே சொல். இரண்டாவது மாடியில் நான் என்ன நெல்லா விதைக்கப்போகிறேன்?

குடி என்றால் வீடு, குடும்பம், குலம், நாட்டு மக்கள் எல்லாம்தான். திருக்குறளில் குடிமை, குடிசெயல்வகை என இரண்டு அதிகாரங்களே உண்டு. குடிபுகுவது, குடிவைப்பது, வீட்டு வாடகைக்குப் பழைய பெயரான குடிக்கூலி எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவை. குடும்பம் நடத்துவது குடித்தனம். பிறர் வீட்டில் வாடகை கொடுத்து அதை நடத்துகிறவர் குடித்தனக்காரர்.

குத்தகை வேறு சங்கதி. வயலையோ மாந்தோப்பையோ ஏரி மீனையோ குறித்த காலத்துக்கு எடுத்து, பலனை அனுபவித்து, அதற்காகப் பணமோ நெல்லோ கொடுப்பது. சாகுபடி செய்யும் குத்தகைதாரரைப் பாதுகாக்க 1955இல் ஒரு சட்டம் வந்தது. வாடகை வீட்டில் இருப்பவருக்கு 1960இல் வேறு சட்டம். அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் நடைமுறையானது. ஆங்கிலத்தில் இருவருமே 'டெனன்ட்'. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவருக்கு வயலும் வீடும் ஒன்றுதான். போதாததற்கு, சென்னையில் 'லீசுக்கு வீடு' என்றால் மொத்தத் தொகை கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. ஊர்ப்பக்கம் அதற்கு ஒத்தி, போக்கியம் என்று நல்ல பெயர்கள் இருக்கின்றன. அதையும் குத்தகை என்றே எழுதுகிறார்கள்.

'வாடகைதாரர்' பரவாயில்லை. 'தார்' பாரசீகம், வைத்திருப்பவர் என்று பொருள். 'டெனன்ட்' பிறந்த லத்தீன் வேருக்கும் ஏறக்குறைய அதே பொருள்தான். 'குடியிருப்பாளர்' என்று இன்னொன்று கிளம்பியிருக்கிறது. சொந்த வீட்டில் இருப்பவரும் குடியிருப்பாளர்தானே? வெள்ளச் செய்திக்கு அது சரி, வாடகை ஒப்பந்தத்துக்கு உதவாது.

குடித்தனக்காரர் பேச்சு வழக்கு, அதில் 'காரர்' வேறு வடமொழி என்பார்கள். இருக்கட்டும். கொச்சை என்று எவரும் ஒதுக்காத 'வீட்டுக்காரர்' உரிமையாளரையும் குறிக்கிறது, கணவரையும் குறிக்கிறது. அந்தக் குழப்பம்கூட இதில் இல்லை.

பேனாவால் அடித்து மாற்றி எழுதிக் கொடுத்தேன். தட்டச்சு செய்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஃபார்மட் அப்படித்தான் சார்" என்றார்.