நாற்பத்தொன்றும் ஏழும்: பழைய எல்ஃப் இழுவை லொறியாகும்போது

கனகராயன்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பழைய இசுசு எல்ஃப் லொறி ஒன்றை வாங்கி, பின்னால் தூக்குக்கம்பம் வைத்து, ஏ9 வீதியில் பழுதாகி நிற்கும் வாகனங்களை இழுக்கப் போகிறாராம். லொறியில் ஐந்து கியர், மேல் கியர் நேரடி, அதாவது கியர்பொக்ஸிலிருந்து வெளிவரும் சுற்றும் எஞ்சின் சுற்றும் ஒன்றே, 60 கிலோமீற்றரிலேயே எஞ்சின் கத்துகிறது. விகிதம் குறைந்த, வேகமான பின் அக்சில் மாற்றுவதா, ஓவர்டிரைவ் (எஞ்சினைவிட வேகமாகச் சுற்றித் தரும் மேல் கியர்) உள்ள கியர்பொக்ஸ் மாற்றுவதா? கடைசியில் ஒரு வரி: "வன்னி தட்டைதானே அண்ணை, மலையே ஏறப்போறன்?"

கியர்பொக்ஸை மாற்றுங்கள், அக்சிலில் கை வைக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கத்தலைப் பார்ப்போம். 7.50-16 ரயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.45 மீற்றர் ஓடும். 60 கிலோமீற்றர் வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீற்றர், அதாவது சில்லு 408 சுற்று. அக்சிலுக்குள் சில்லைச் சுற்றும் பெரிய பற்சில்லான கிரவுன் வீலுக்கு 41 பல், அதைச் சுழற்றும் சின்னப் பற்சில்லான பினியனுக்கு 7 பல் என்றால் விகிதம் 5.857, எஞ்சின் கிட்டத்தட்ட 2390 சுற்றில் நிற்கும். 41/9 அக்சில் போட்டால் அது 1860க்கு இறங்கும். பழைய அக்சிலையே வைத்துக்கொண்டு மேல் கியர் 0.72 உள்ள பெட்டி போட்டாலோ 1720. வேகத்துக்கே பெட்டிதான் முந்துகிறது.

இனிச் சேறு. வன்னியில் மலை இல்லை, உண்மை, ஆனால் கார்த்திகை மாரியில் நெடுங்கேணிப் பக்கம் வயலுக்குள் இறங்கிவிட்ட லொறியை இழுத்துப் பார்த்தவருக்குத் தெரியும், மலை நிலத்துக்கு அடியில் இருக்கிறது என்று. நல்ல தார் வீதியில் உருள்வதற்கு வாகன எடையின் நூற்றில் ஒரு பங்கு விசை போதும். இளகிய சேற்றில் ஐந்தில் ஒரு பங்கு கேட்டாலும் ஆச்சரியமில்லை. 5 தொன் லொறி சேற்றில், பத்துக்கு ஒன்று சரிவான கரை, உங்கள் லொறி கிரவலில் நிற்கிறது என்று வையுங்கள்: மொத்தம் சுமார் 15,500 நியூட்டன் வேண்டும். எஞ்சினின் முறுக்குவிசை 250 நியூட்டன் மீற்றர், முதல் கியர் 5.3, வழியில் நூற்றுக்கு 12 பங்கு வீண் என்று எடுத்தால், 41/7 அக்சில் சில்லில் 17,500 நியூட்டன் தரும். 41/9 தருவது 13,600. இழுபடாது, கிளச்தான் எரியும். அந்த மணத்தை நானே என் சொந்த மூளைக்குறைவால் ஒருமுறை காசு கொடுத்து மணந்திருக்கிறேன்.

ஈரக் கிரவலில் சில்லு பிடிக்காமல் சுழன்றால் எந்த விகிதமும் உதவாது, அங்கே கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச்தான் கதி. சேறு மாதத்துக்கு மாதம் எவ்வளவு பிடிக்கிறது என்று அறிவியல் நகர் பொறியியற் பீட மாணவர் யாராவது ஊர் ஊராக அளந்து தந்தால் எவ்வளவு நல்லது. ஒரு தராசும் ஒரு கயிறும் போதும், இதற்கெல்லாம் கோடிக்கணக்கில் நிதி வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. விசையைப் பெருக்குவதை எவ்வளவு கடைசியில் செய்கிறோமோ அவ்வளவுக்கு முன்னால் உள்ள சாமான்கள் தப்பிக்கும். கியர்பொக்ஸ் 5.3 மடங்கு பெருக்கினால் அங்கிருந்து அக்சிலுக்குப் போகும் தண்டான புறொப்பலர் சாப்ட் தாங்குவது 1325 நியூட்டன் மீற்றர், மீதி 5.857 மடங்கும் அக்சிலுக்குள்ளேயே நடந்து முடிகிறது. அக்சிலை வேகமாக்கிவிட்டு அதே இழுவைக்காகப் பெட்டியில் கியரைக் கூட்டினால் சாப்ட்டும் அதன் மூட்டுகளும் 1700 தாங்க வேண்டும். பல ரக்ரர்களில் பின்சில்லுக்குப் பக்கத்திலேயே இன்னுமொரு பற்குறைப்பு இருப்பதும் இதனால்தான்.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ஏன் 41ம் 7ம்? 42ம் 7ம் என்று வைத்தால் விகிதம் சரியாக 6, கணக்கும் சுலபம். கராஜ் ஒன்றில் கேட்டேன். "ஒற்றைப்படை ராசி, கலியாண வீட்டில 101 குடுக்கிற மாதிரி" என்றார்கள். அப்படியானால் 37/6 என்றும் அக்சில்கள் ஓடுகின்றனவே, 6 என்ன ஒற்றையா?

பஞ்சாங்கத்தை எடுங்கள், அது இங்கே நல்ல உதாரணம். கிழமை 7, நட்சத்திரம் 27. நாளுக்கு ஒரு நட்சத்திரம் என்று வைத்தால், இன்று செவ்வாயும் பரணியும் சேர்ந்தால் மறுபடி சேர 189 நாள் ஆகும். அதற்குள் செவ்வாய் எல்லா நட்சத்திரங்களையும் ஒருமுறை சந்தித்துவிடும். நட்சத்திரம் 28 என்றிருந்தால்? செவ்வாய்க்கு வாழ்நாள் முழுக்க அதே நாலு நட்சத்திரம்தான். 7க்கும் 27க்கும் பொதுவான காரணி இல்லை, 7க்கும் 28க்கும் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

பல்லும் அப்படியே. 42/7 ஆக இருந்தால் பினியனின் ஒவ்வொரு பல்லும் எப்போதும் அதே ஆறு பற்களோடு மட்டும் கடிபடும். ஒன்றில் ஒரு சிறு வெடிப்பு இருந்தால் அந்த ஆறும் வீண். 60இல் போகும்போது அதே சோடிப் பற்கள் செக்கனுக்கு ஏழு தடவை மோதும். 41/7 இல் ஒவ்வொரு பல்லும் எதிர்ப்பக்கத்து 41ஐயும் முறைவைத்துச் சந்திக்கிறது, அதே சோடி திரும்ப வர 287 கடி, ஏறக்குறைய செக்கனுக்கு ஒரு தடவை. தேய்மானம் பங்கிடப்படுகிறது. தொழிற்சாலையில் இரண்டையும் தேய்ப்புப் பசை பூசிச் சேர்த்து ஓட்டி இணக்கும்போதும் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடும் இணங்குவது இந்தப் பொதுக்காரணி இல்லாத தந்திரத்தால்தான். அதனால்தான் சொல்கிறேன், ஒரு அக்சிலின் கிரவுனையும் இன்னொன்றின் பினியனையும் கலந்து போடாதீர்கள், ஊர் கேட்க ஊளையிடும். முறிகண்டியில் தேங்காய் உடையுங்கள், ரயருக்கு எலுமிச்சம்பழமும் வையுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை, சோடியை மட்டும் பிரிக்காதீர்கள்.

பழைய இரும்புக் கடையில் அக்சில் வாங்க நேர்ந்தால் திறக்காமலே எண்ணலாம். ஒரு பக்கச் சில்லை நிலத்தில் விட்டு மற்றதைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, சில்லிலும் சாப்ட்டிலும் சோக்கால் கோடு போடுங்கள். ஒரு சில்லு நிற்க மற்றது இரண்டு சுற்றினால்தான் டிபரன்சல் கூடு, அதாவது கிரவுன் வீல் பூட்டியிருக்கும் கூடு, ஒரு சுற்று சுற்றும். ஆகவே சில்லை 14 சுற்று சுற்றினால் 41/7 அக்சிலில் சாப்ட் சரியாக 41 சுற்றி, இரண்டு கோடும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

போன மாதம் ஒரு கடையில் "இது 41/7தான், எல்லாம் ஒன்றுதான்" என்று அடித்துச் சொன்னார்கள். கூட வந்த சின்னப் பொடியன் நிலத்தில் குந்தியிருந்து சத்தமாக எண்ணினான். பதினாலாவது சுற்று முடிய அவன் 43ஐயும் தாண்டி, கோடு இன்னும் ஆறிலொரு பங்கு தள்ளி நின்றது. 37/6. அதை விட்டுவிட்டு வந்துவிட்டோம்.