வெட்டினால் திருப்பி வெட்டலாமா?

வெட்டினால் திருப்பி வெட்டு. சின்ன வயதில் செஸ் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும் சொன்னது இதுதான். அதை நம்பித்தான் போன ஞாயிறு அத்தை மகனிடம் தோற்றேன்.

எனக்குக் கறுப்பு. ஐந்தாவது நகர்த்தலில் என் டி5 சிப்பாயை (எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை) அவன் சிப்பாய் வெட்டியது. எஃப்6 குதிரையால் திருப்பி வெட்டினேன். சரி, கணக்கு நேர் என்று நினைத்தேன். அவனோ ஜி5 குதிரையை எஃப்7 சிப்பாய் மேல் பாய்ச்சினான். அங்கிருந்து அது என் ராணியையும் யானையையும் ஒருசேரக் குறிவைத்தது. ராஜாவால் வெட்டினேன். குதிரைக்கு 3 புள்ளி, சிப்பாய்க்கு 1. காய்க் கணக்கில் 2 லாபம். அப்புறம் அவன் ராணி எஃப்3இல் செக் வைத்தது. அதே ராணியும் சி4 மந்திரியும் என் டி5 குதிரையைக் குறிவைத்தன. அதைக் காக்க என் ராஜா ஈ6க்கு, அதாவது நடுத்தெருவுக்கு, வந்தார். ஆங்கிலத்தில் இந்தத் தாக்குதலுக்கு 'வறுத்த ஈரல்' என்று பெயர். வறுபட்டது என்னவோ நான்தான்.

ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினில், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலில், ஆட்டத்தைப் போட்டேன். ராஜா வெட்டியதை அது குறை சொல்லவில்லை. குதிரையால் திருப்பி வெட்டிய ஐந்தாவது நகர்த்தலுக்கே கேள்விக்குறி போட்டது, அதாவது தவறு என்றது. எஞ்சின் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பதில், அதற்குப் பதில் என்று கிளைகளை விரிக்கிறது. ஒரு நகர்த்தலை முறிக்கும் பதில் ஒன்று சிக்கிவிட்டால் மற்றப் பதில்களை அது பார்ப்பதே இல்லை. அதில்தான் நேரம் மிச்சம். வெட்டுக்குத்து நடக்கும்போது பாதியில் நின்று எண்ணாது, அடங்கும்வரை போகும். கிளை நுனியில் நிலையை எடைபோடுவது 2020 முதல் ஒரு சிறிய நரம்பியல் வலை, அதாவது ஏராளமான நிலைகளைக் கொண்டு பயிற்றுவித்த நிரல். அந்த எடை பின்னோக்கி ஏறிவருகிறது. ஈ6இல் ராஜா படும் பாட்டுக்கான பில் ஐந்தாவது நகர்த்தலுக்கு வருவது இப்படித்தான்.

திரையில் தெரியும் +1 ஒரு காலத்தில் ஒரு சிப்பாய் அளவு முன்னிலை. 2022 முதல் ஸ்டாக்ஃபிஷில் அதன் பொருள் வேறு: எஞ்சினோடு எஞ்சின் மோதினால் வெல்ல 50 சதவீத வாய்ப்பு. எங்கள் இருவருக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது. ராஜா ஈ6இல் நிற்கும் நிலையில் வெள்ளைக்குத் தாக்குவது சுலபம், கறுப்புக்கோ ஒவ்வொரு பதிலும் தேடித் தேடி வர வேண்டும்.

ஐந்தாவது நகர்த்தலுக்கு எஞ்சின் காட்டிய மாற்று, சிப்பாய் போனால் போகட்டும் என்று சி6 குதிரையை ஏ5க்கு நகர்த்தி மந்திரியை மிரட்டுவது. ஓரத்துக் குதிரை உதவாது என்றும் சின்ன வயதில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்! வரும் ஞாயிறு அங்கேதான் வைக்கப்போகிறேன். அதற்குள் அவனும் எஞ்சினில் பார்த்திருப்பான்.