வலுத் திரிதடையம்: பவர் டிரான்சிஸ்டருக்கு நம்ம பெயர்

தோட்டத்து லயங்களில் பெரியவர்களிடம் டிரான்சிஸ்டர் என்றால் ரேடியோவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், உள்ளே இருந்து மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சின்ன உறுப்பின் பெயர் வெளிப்பெட்டிக்கு ஒட்டிக்கொண்ட கதை அது.

உறுப்பு பிறந்தது 1947 டிசம்பரில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். பெயர் வைத்தவர் அங்கேயே வேலை செய்த ஜோன் பியர்ஸ், 1948இல். டிரான்ஸ்ரெசிஸ்டன்ஸ் என்ற கருத்தை எடுத்து, அப்போது புழக்கத்திலிருந்த தெர்மிஸ்டர், வேரிஸ்டர் என்ற உறுப்புப் பெயர்கள் மாதிரி 'இஸ்டர்' என்று வால் வைத்துவிட்டார்.

தமிழில் திரிதடையம். மூன்று கால் இருப்பதால் 'திரி' என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அதைத் திரிதல் என்றே படிக்கிறேன், பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ன் ற் ஆகத் திரிகிறதே, அந்தத் திரிதல். தடை திரிகிற சாமான். நம் இலங்கைப் பாடப்புத்தகத்தில் திரான்சிற்றர் என்றே இருக்கும், தப்பில்லை. ஆனால் பவர் என்பதற்குத் தமிழ்நாட்டார் போல 'திறன்' போடாதீர்கள், பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது வலு. ஆகவே கூடிய மின்வலுவைத் தாங்கும் டிரான்சிஸ்டர், வலுத் திரிதடையம்.

சரி, அதை எங்கே பிடிப்பது? ஹட்டன் பக்கத்துக் கராஜ்களில் கழித்துப் போட்ட வேன் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தால், அலுமினியத்தோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பவைதான், வலு கூடினால் சூடும் கூடும், அதனால்தான் அந்த உலோக முதுகு. அதன் மேல் அச்சடித்த எண்ணைத் தேடினால் பல நேரம் ஒன்றும் கிடைக்காது, வாகனக் கம்பனிகள் தங்கள் சொந்த எண்ணை அடிக்க வைப்பதுண்டு. அப்புறம் மல்டிமீட்டர்தான். டையோட் (மின்னை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) சோதிக்கும் பக்கம் திருப்பி, சிவப்புக் கம்பியை 'அடி' என்ற காலில் (பேஸ்) வைத்து, கறுப்பைக் காலியிலும் சேகரிப்பானிலும் (கலெக்டர்) தொட்டால் இரண்டிலும் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டினால் அது நல்ல என்பிஎன் வகை டிரான்சிஸ்டர். (காலி என்றதும் தெற்கே பஸ் ஏறிவிடாதீர்கள், எமிட்டருக்குப் பாடப்புத்தகப் பெயர் அது.) ஒரு கால் மற்ற இரண்டோடும் எந்தப் பக்கமும் பேசாமல், அந்த இரண்டுக்கும் நடுவே மட்டும் ஒரு டையோட் தெரிந்தால் மொஸ்பெட் என்ற வேறு வகை டிரான்சிஸ்டர் ஆக இருக்கலாம். ஐந்து கால் இருந்தால் உள்ளே பாதுகாப்புச் சுற்றும் சேர்ந்த ஸ்விட்ச் ஆக இருக்கக்கூடும், அதை விட்டுவிடுங்கள்.

இக்னிஷன் பெட்டியில் கிடைப்பது சுமார் 400 வோல்ட் தாங்கும், அதைப் பார்த்து ஆசைப்பட்டு அம்பிளிபயரில் போட்டு நான் ஒரு ஸ்பீக்கரை எரித்தேன். அது இக்னிஷன் கொயிலுக்குப் போகும் மின்னை வெட்டி வெட்டி விடச் செய்த சாமான், பாட்டுக்கு ஆகாது. லைட், மோட்டர், பம்ப் போட்டு நிறுத்த எடுங்கள், முதுகு பெரும்பாலும் நடுக்காலோடு சேர்ந்திருக்கும், மின்னைக் கடத்தாத மைக்கா தாள் வைக்காமல் இரும்பில் திருகாதீர்கள்.