அதே மதிப்பெண்ணோடு இரண்டாவது விண்ணப்பமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் இருக்கும் என் சின்ன அலுவலகத்துக்கு ஒரு சனிக்கிழமை காலை அப்பாவும் மகனுமாக வந்தார்கள். அப்பா லாரி ஓட்டுநர். பையன் சுங்கை பெசியில் உள்ள மலேசிய தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்துக்கு, நாம் யு.பி.என்.எம். என்று சொல்வோமே, கடேட் அதிகாரியாகச் சேர ஒருமுறை விண்ணப்பித்தவன். அழைப்பு வரவில்லை.

"இந்தத் தடவை கண்டிப்பா கிடைச்சிரும் டீச்சர். ஒரு வருஷமா விடாம ஓடுறான்" என்றார் அப்பா.

உண்மைதான். விடியற்காலையில் எழுந்து தித்திவங்சா ஏரியைச் சுற்றி ஓடியிருக்கிறான். உடம்பு முறுக்கேறி இருந்தது. கோப்பைத் திறந்தேன். இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு மட்டும் போன வருடத்துடையது. கணிதம் டி, வரலாறு டி, கூடுதல் கணிதம் இ.

பல வருடம் இடைநிலைப்பள்ளியில் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது மேற்கல்வி ஆலோசனை செய்கிறேன். ராணுவக் கனவோடு இரண்டாம் முறை வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோரின் கோப்பு இப்படித்தான் இருக்கிறது. காத்திருந்த ஒரு வருடத்தில் எல்லாம் மாறியிருக்கும், மதிப்பெண் மட்டும் மாறியிருக்காது. ஓட்டமும் நேர்முகமும் மருத்துவப் பரிசோதனையும் அழைப்பு வந்தவர்களுக்குத்தான். அந்த அழைப்பை முதலில் தீர்மானிப்பது பாடத் தகுதி. சல்லடையில் விழுந்துவிட்ட பெயருக்கு எத்தனை புஷ்-அப் எடுத்தும் பயன் இல்லை. இதை யாரும் அந்தப் பையனிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வேதனை.

"எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்றான். இந்த வாக்கியத்தை நான் அப்படியே நம்புவதில்லை. ஒரு மாநில முன்னோட்டத் தேர்வுத் தாளை எடுத்து முன்னால் வைத்தேன். நேரடியாகச் சுருக்கு, தீர்வு காண் என்று வந்தவற்றைச் சரியாகவே போட்டான். படிவம் நான்கில், அதாவது இடைநிலைப்பள்ளியின் நான்காம் ஆண்டில், வரும் நேரியல் சமனிலி கேள்விக்கு வந்ததும் நின்றுவிட்டான். மலாயில் 'செகுராங்-குராங்ஞா' என்று இருந்த இடத்தில் குறியைத் தலைகீழாகப் போட்டிருந்தான். 'குறைந்தது இத்தனை' என்று பொருள்படும் சொல் அது. அதில் இருக்கும் 'குராங்'கைப் பார்த்து 'குறைவு' என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். 'இத்தனைக்கு மேல் போகாமல்' என்று பொருள்படும் 'தீடாக் மெலெபிஹி' வந்த இடத்திலும் அதே குழப்பம். அதே கேள்வியைத் தமிழில் சொன்னேன். ஒரு நிமிடத்தில் குறியைத் திருத்தி, கோடும் வரைந்துவிட்டான்.

ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே கணக்குப் போட்ட பிள்ளை, படிவம் ஒன்றில் ஒரே நாளில் மலாய்க்கு மாறுகிறது. எண் மாறவில்லை, கேள்வியின் மொழி மாறிவிட்டது. அதைக் கவனித்துக் கைகொடுக்க ஆள் இல்லாவிட்டால் ஐந்து வருடத்தில் அது 'கணக்கு வராது' என்று ஆகிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பிள்ளைகளும் அங்கே படித்தவர்கள்தான். இந்தப் பையனின் கணித 'டி'யில் பாதி, மலாய் வாசிப்பில் விழுந்த 'டி'. வரலாற்றிலும் அப்படித்தான். முதல் தாளின் 40 கொள்குறிக் கேள்விகளைச் சமாளித்துவிட்டான். 100 மதிப்பெண் உள்ள இரண்டாம் தாளில் கட்டுரை எழுதக் கை ஓடவில்லை.

எனவே பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: 'மதிப்பெண் குறைவு' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எந்தப் பாடம், எந்தத் தாள், எந்த வகைக் கேள்வி என்று பாருங்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அது தெரியாமல் நான்கு பாடத்துக்கு டியூஷன் பணம் கட்டுவது அந்த லாரி ஓட்டுநரின் வியர்வையை வீணாக்குவது.

அந்தப் பையன் இணையத்தில் நிறையப் படித்திருந்தான், எல்லாம் அமெரிக்காவைப் பற்றி. அந்நாட்டு ராணுவக் கழகமான வெஸ்ட் பாயிண்டில் ஒரு விண்ணப்பதாரரை எடைபோடும்போது படிப்புக்கு 60 விழுக்காடு, தலைமைத்துவத்துக்கு 30, உடல்தகுதிக்கு 10. அங்கே கேட்கப்படும் எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு 1600க்கு. ஆண்டில் பலமுறை எழுதலாம், வெவ்வேறு முறை எழுதியதில் ஒவ்வொரு பகுதியிலும் எது அதிகமோ அதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அதனால் அங்கே மறுவிண்ணப்பம் செய்பவர்கள் சில மாதங்களிலேயே தேர்வை மறுபடி மறுபடி எழுதி மதிப்பெண்ணை ஏற்றுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் 60 பேருக்கு மேல் அங்கே இருக்க முடியாது, அதுவும் சொந்த நாட்டு அரசாங்கம் முன்மொழிய வேண்டும். உடல்தகுதிக்கு 10தான் என்பதையாவது அவன் கவனித்திருக்கலாம்.

இங்கே அப்படி இல்லை. எஸ்.பி.எம். முழுத் தேர்வு ஆண்டுக்கு ஒருமுறைதான். பள்ளி வழியாக அல்லாமல் தனித் தேர்வராகப் பதிந்து, வேண்டிய பாடங்களை மறுபடி எழுதலாம். பதிவுக் காலத்தைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் போய்விடக்கூடும். மறுபடி எழுதிய பாடத்தைப் பழைய முடிவோடு சேர்த்து ஏற்பார்களா என்பதை அந்த ஆண்டின் விண்ணப்ப நிபந்தனையில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்த பிறகு கட்டணம் கட்டுங்கள். பக்கத்து வீட்டார் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் அடிக்கடி பார்க்கிறேன். 1952இல் தொடங்கிய அரச ராணுவக் கல்லூரியும் சுங்கை பெசியில்தான் இருக்கிறது. அது இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கானது. யு.பி.என்.எம். 1995இல் ராணுவக் கழகமாகத் தொடங்கி 2006இல் பல்கலைக்கழகமானது. எஸ்.பி.எம். முடித்தவர் பார்க்க வேண்டியது இரண்டாவதை. பட்டப்படிப்புக்கு முந்தைய அடித்தளக் கல்விக்கு அங்கே இடம் கிடைக்காவிட்டால், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்து இளங்கலைக்கு விண்ணப்பிக்கலாம். மற்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பாலாபெஸ் என்ற சேமப்படை அதிகாரிப் பயிற்சியும் உண்டு. அதை முடித்தவர்களும் லெப்டினன்ட் மூடா என்ற இளநிலை அதிகாரிப் பட்டையைத் தோளில் அணிகிறார்கள்.

'உள்ளே ஆள் இருக்கிறது, ஐயாயிரம் வெள்ளி கொடுங்கள்' என்று யாராவது சொன்னால் கதவைச் சாத்துங்கள். விண்ணப்பம் இணையத்தில் நாமே செய்வது. என்னிடம் வந்த ஒரு குடும்பம் தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் கொடுத்து ஏமாந்தது.

நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். ஆலோசனைக்கு வந்த புதிதில் செந்தூலில் இருந்து ஒரு பெண் வந்தாள். பள்ளியில் கடேட் அணித் தலைவி, நல்ல குரல், நிமிர்ந்த நடை. அவளைப் பார்த்த மயக்கத்தில், மதிப்பெண் தாளைச் சரியாகப் பார்க்காமல், "மறுபடி போடும்மா, கிடைக்கும்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினேன். ஒரு வருடம் காத்திருந்தாள். மறுபடியும் அழைப்பு இல்லை. அடுத்து எதற்குமே விண்ணப்பிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளையின் ஒரு வருடத்துக்கு நான் பொறுப்பு. அதற்குப் பிறகு தாளைப் பார்க்காமல் யாருக்கும் நம்பிக்கை வார்த்தை சொல்வதில்லை.

லாரி ஓட்டுநரின் மகன் கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் தனித் தேர்வராகப் பதிந்திருக்கிறான். அதிகாலை ஓட்டத்தை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுகிறான். பேனாவைத் தொடும் முன் கேள்வியை மலாயில் இரண்டு முறை வாய்விட்டு வாசித்து, என்ன கேட்கிறார்கள் என்று தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். போன வாரம் பன்னிரண்டு கேள்வியில் ஒன்பதுக்குச் சரியாகச் சொன்னான்.